இல்லக் கணிப்பொறிக்கு ஏற்ற இயங்குதளம் – ஒரு தேர்வு நோக்கு

முன்னுரை

பணிநிறைவு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், தம் பெயர்த்தி வணிகவியல் பட்டப்படிப்பில் சேர்ந்ததை ஒட்டி, இல்லத்திற்குப் புதிய கணிப்பொறி ஒன்று வாங்க விரும்பினார். கடைக்காரர், "ஐயா, விண்டோஸோடு வேண்டுமா, டாஸ் போட்டதே போதுமா? டாஸ் என்றால் விலை குறையும். விண்டோஸை நாங்களே போட்டுத் தந்துவிடுவோம்" என்றார். ஆசிரியருக்கு வினாவே விளங்கவில்லை. எண்ணிப் பார்த்துச் சொல்வதாகக் கூறிவிட்டு, எம் துறைக்கு வந்தார்.

அவர் சட்டைப்பையில் ஒரு பென்டிரைவ் இருந்தது. தம் வட்டாரத்து உழவர், நெசவாளர், மீனவர் ஆகியோரிடம் வழங்கும் தொழிற்சொற்களைப் பதினெட்டு ஆண்டுகளாகத் திரட்டி, தாமே தட்டச்சிட்டு, அதில் சேர்த்து வைத்திருந்தார். நாலாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள். அவற்றுள் பல எந்த அகராதியிலும் ஏறாதவை. சொல்லிக் கொடுத்தவர்களுள் பலர் இன்று இல்லை. "கணிப்பொறி எதுவாயினும் ஆகுக, இது அதில் திறக்குமா?" என்பதே அவர் எம்மிடம் கேட்ட வினா.

கடைக்காரரின் வினா விலையைப் பற்றியது. ஆசிரியரின் வினா வாழ்நாள் உழைப்பைப் பற்றியது. ஆயினும் இரண்டற்கும் விடை ஓரிடத்தில்தான் இருக்கிறது. அவ்விடம் இயங்குதளம். இல்லத்துக்குக் கணிப்பொறி வாங்குவோர் இயங்குதளத்தை எவ்வளவைகளால் தெரிந்து கொள்ள வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

இப்பொருளுக்குத் தமிழில் பல சொற்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் 'இயக்க அமைப்பு' என்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் 'பணிசெயல் முறைமை' எனப்படுகிறது. பொதுவழக்கில் 'இயங்குதளம்', 'இயக்குதளம்' என்னும் இரண்டும் உள்ளன. 'இயங்கு' என்பது தன்வினை. 'இயக்கு' என்பது பிறவினை. பிற மென்பொருள்கள் தன்மேல் இயங்குமாறு இடந்தருவதால் இயங்குதளம். கணிப்பொறியின் உறுப்புகளைத் தான் இயக்குவதால் இயக்குதளம். எனவே இவ்விரு சொற்களும் ஒரு பொருளின் இரு முகங்களைக் காட்டுகின்றன. வாங்குவோர்க்கு முதன்முகமே தலையாயது ஆதலின், ஈண்டு இயங்குதளம் என்ற சொல்லையே ஆள்கிறோம்.

இதன் பணியைத் திருமண வீட்டில் பந்தி விசாரிப்பவரின் பணியோடு ஒப்பிடலாம். விருந்தினர் காண்பது இலையையும் அதில் விழும் உணவையும் மட்டுமே. யாருக்கு எந்த இடம், எந்தப் பந்தி எப்போது எழும், அடுக்களையிலிருந்து எது எப்போது வரவேண்டும் என்பவற்றையெல்லாம் ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அவ்வாறே நினைவகத்தை மென்பொருள்களுக்குப் பகிர்ந்தளித்தல், செயலியின் நேரத்தை நொடியின் நுண்கூறுகளாகப் பிரித்து முறைவைத்தல், கோப்புகளைக் காத்தல், அச்சுப்பொறி, ஒலிபெருக்கி முதலியவற்றோடு பேசுதல், ஒருவர் கோப்பை மற்றவர் தொடாமற் காத்தல் ஆகியன இயங்குதளத்தின் பணிகள். திரையில் எழுத்தை எழுத்தாகக் காட்டுவதும் அதன் துணையாலேயே நிகழ்கிறது. தமிழர்க்கு இக்கடைசிப் பணி மிக இன்றியமையாதது. அதனைப் பின்னர்க் காண்போம்.

இல்லங்களுக்கு உரிய தளங்கள்

இன்று இல்லக் கணிப்பொறிகளுக்குப் பெரும்பாலும் மூன்று தளங்களுள் ஒன்றே தேர்வாகிறது.

முதலாவது, மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். இதன் முதற்பதிப்பு 1985ஆம் ஆண்டு வெளிவந்தது. 1995ஆம் ஆண்டுப் பதிப்பே இதனை உலகறியச் செய்தது. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளியாயிற்று. இதன் பெருஞ்சிறப்பு, எந்தக் கடையிலும் கிடைக்கும் எந்தப் பொறியோடும், எந்த அச்சுப்பொறியோடும் பொதுவாகப் பொருந்திப் போவது. கணக்குப் பதிவுக்கு நம் நாட்டில் பெருவழக்காக உள்ள டாலி போன்ற மென்பொருள்கள் இதனையே அடித்தளமாகக் கொண்டு எழுதப்பட்டவை. குறை யாதெனில், இது விலை கொடுத்துப் பெறும் உரிமம் உடையது. பொறியிடம் கேட்கும் தகுதியும் மிகுதி. குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு ஆகியன விண்டோஸ் 11க்கு வேண்டும். இவை அதன் கீழெல்லைகள். தடையின்றிப் பணியாற்ற 8 ஜிபி நினைவகமேனும் இருத்தல் நன்று.

இரண்டாவது, ஆப்பிள் நிறுவனத்தின் மாக். 1984ஆம் ஆண்டு தோன்றிய இக்குடும்பம், 2001ஆம் ஆண்டு யூனிக்ஸ் மரபைச் சார்ந்த புதிய அடித்தளத்திற்கு மாறியது. பொறியும் தளமும் ஒருவர் கையிலேயே உருவாவதால் இணக்கம் மிகுதி, நீடித்து உழைக்கும். தளத்தின் புதிய பதிப்புகளுக்குத் தனிக் கட்டணமும் இல்லை. ஆயின் அந்நிறுவனத்தின் பொறியை வாங்கினாலன்றி அத்தளத்தை முறைப்படி பெறவியலாது. விலை, நடுத்தர இல்லத்தின் கைக்கு எளிதில் எட்டுவதன்று.

மூன்றாவது, லினக்ஸ். 1991ஆம் ஆண்டு, பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21ஆம் அகவையில் இதன் கருவகத்தை எழுதத் தொடங்கினார். 1983ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகள் அதனோடு கூடின. மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்பதே இதன் அடிப்படை. டெபியன் 1993இலும், உபுண்டு 2004இலும், லினக்ஸ் மின்ட் 2006இலும் தோன்றின. உரிமக் கட்டணம் இல்லை. பழைய பொறியிலும் ஓடும். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடியொற்றி உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இவ்வினத்ததே. இதன் குறைகளையும் மறைக்கலாகாது. சில அச்சுப்பொறிகளும் வருடிகளும் இதனோடு ஒத்துழைப்பதில்லை. டாலி, அடோபி நிறுவனத்தின் பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் முதலியவை இதற்கென வெளியிடப்படவில்லை. சிக்கல் நேரின் தெருமுனைக் கடையில் உதவி கிடைப்பது அரிது.

கடைக்காரர் கூறிய 'டாஸ்' இம்மூன்றனுள் ஒன்றன்று. 1994ஆம் ஆண்டு ஜிம் ஹால் என்பார் தொடங்கிய ஃப்ரீடாஸ் என்னும் கட்டற்ற தளம் அது. எழுத்துக் கட்டளைகளால் இயங்கும் பழைய முறையைப் பேணுவது அதன் நோக்கம். விண்டோஸ் உரிமம் இன்றி விற்கும் பொறி வெறுமையாக இராதவாறு அதனை இட்டு அனுப்புகின்றனர். இன்றைய இல்லத்தின் அன்றாடத் தேவைகளுக்கு அது உதவாது. ஆதலின் 'டாஸ் போட்ட கணிப்பொறி' என்பதற்குத் 'தளத்தை நீரே தேடிக்கொள்க' என்பதே பொருள்.

தமிழ் எழுத்தும் தளமும்

'கொ' என்னும் உயிர்மெய்யை நோக்குக. ஒலிப்பில் ககர மெய் முதலிலும் ஒகர உயிர் அடுத்தும் வருகின்றன. வரிவடிவிலோ ஒற்றைக் கொம்பு முன்னும், ககரம் இடையிலும், கால் பின்னுமாக நிற்கின்றன. யூனிகோடு என்னும் ஒருங்குறி முறையில் கோப்பினுள் சேமிக்கப்படுவது ககரமும் அதனையடுத்து ஒகரக் குறியுமே. அக்குறியை இரண்டாகப் பிளந்து ககரத்தின் இருபுறமும் அமைத்துக் காட்டும் பணியைத் தளத்தின் எழுத்துவடிவப் பொறியும் எழுத்துருவும் கூடிச் செய்கின்றன. இவற்றுள் ஒன்று பிழைத்தால் கொம்பும் காலும் தனித்தனியே வட்டமிட்டு நிற்கும், தமிழ் சிதையும்.

ஒருங்குறியில் தமிழுக்கு 1991ஆம் ஆண்டிலேயே இடம் வகுக்கப்பட்டது. எனினும் விண்டோஸ் தளத்தில் அது நடைமுறைக்கு வந்தது, 2000ஆம் ஆண்டு வெளியான பதிப்பில் லதா எழுத்துருவோடுதான். மாக் தளத்தில் 2005ஆம் ஆண்டு இணைமதி எழுத்துருவோடு தமிழ் வந்தது. லினக்ஸ் தளங்களில் ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற பொறி இப்பணியை இன்று செவ்வனே ஆற்றுகிறது. ஆகவே இன்று இம்மூன்றனுள் எதனைத் தெரிந்தாலும் தமிழ் எழுதலாம், படிக்கலாம், தேடலாம். 31 விசைகளில் 247 எழுத்துகளையும் அடக்கி, ககரத்தை இருமுறை தட்டினால் முதலதற்குத் தானே புள்ளியிடும் தமிழ்99 விசைப்பலகையும் மூன்றிலும் உண்டு.

அங்ஙனமாயின் ஆசிரியரின் கோப்பு ஏன் திறக்கவில்லை? எம் துறைக் கணிப்பொறியில் பென்டிரைவைச் செருகியபோது, திரையில் தோன்றியவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்த பொருளற்ற வரிகளே. ஆசிரியர் முகம் வாடிற்று. பதினெட்டு ஆண்டுகள் பாழாயின என்றே அவர் எண்ணியிருத்தல் கூடும்.

காரணம் இதுவே. ஒருங்குறி பரவுமுன், ஒவ்வோர் எழுத்துரு வடிவமைப்பாளரும் தத்தம் விருப்பப்படி ஆங்கில எழுத்துகளின் இடத்திலோ, 256 இடங்கள் கொண்ட அட்டவணையின் பிற்பாதியிலோ தமிழ் வடிவங்களை வைத்தனர். எடுத்துக்காட்டாக, ஈழத்தமிழரிடையே பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டச்சிட்டால், கோப்பினுள் கிடப்பவை 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே. அவ்வெழுத்துரு உள்ள பொறியில் அது அம்மாவாகத் தெரியும். இல்லாத பொறியில் வெறுங்குறியாகும். அஃதாவது, எழுதியவர் எழுதியது தமிழ். கணிப்பொறி காத்தது தமிழன்று.

இக்குழப்பத்தைக் களையத் தமிழ்நாடு அரசு 1999ஆம் ஆண்டு டாம், டாப் என்னும் இரு குறிமுறைகளை அறிவித்தது. பின்னர் 2010ஆம் ஆண்டு ஒருங்குறியையும், தமிழ் அனைத்து எழுத்துக் குறிமுறையையும் ஏற்றது. இவற்றுக்கு முன்னும் இடையிலும் தட்டச்சான நூல்கள், ஆய்வேடுகள், மலர்கள் எத்தனையோ இன்னும் பழைய எழுத்துருக்களிலேயே உறங்குகின்றன. கணிப்பொறி மாற்றும் நாள்தான் அவற்றுக்கு இடர் நேரும் நாள்.

தளத்தின் ஆயுள்

மனிதரைப் போலவே தளங்களுக்கும் ஆயுள் உண்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் வரையே ஒரு தளம் உயிருடையது. அவை நின்றபின்னும் கணிப்பொறி ஓடும். ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைக்கப்படாமல், பூட்டில்லாத வீடாகிவிடும். விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. 2015ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. இல்லப் பயனர்களுக்கு மேலும் ஓராண்டுத் திருத்த நீட்டிப்பு மட்டும் அறிவிக்கப்பட்டது. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகள் ஒவ்வொன்றும் ஐந்தாண்டு இலவச ஆதரவு உடையன. மாக் தளத்தில், 2025ஆம் ஆண்டுப் பதிப்பே இன்டெல் செயலி கொண்ட பொறிகளுக்கு இறுதிப் பதிப்பு என ஆப்பிள் அறிவித்தது.

இவ்வாண்டுகளை நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஒரு தளம் ஐந்து முதல் பத்தாண்டு நம்மோடிருக்கும். ஆசிரியரின் சொற்றொகுப்புக்கோ அதற்குள்ளாகவே வயது பதினெட்டு. ஆதலின் தளம் குடிக்கூலி வீடு போன்றது. நாம் எழுதியவையே நம் உடைமை. வாடகை வீட்டைத் தெரிந்தெடுப்போர் முற்றத்தையும் கிணற்றையும் மட்டும் பார்த்தால் போதாது. காலி செய்யும் நாளில் நம் பண்டங்களை வாயில் வழியே முழுமையாக வெளிக்கொணர இயலுமா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

கள்ளப்படி வேண்டா

'நாங்களே போட்டுத் தந்துவிடுவோம்' என்ற கடைக்காரரின் சொல் பல ஊர்களில் கேட்கப்படுவதே. உரிமம் இன்றி, பூட்டு உடைத்து நிறுவப்படும் படியையே அச்சொல் பெரும்பாலும் குறிக்கும். பூட்டை உடைத்தவர் உள்ளே வேறென்ன வைத்தார் என்பதை நாம் அறியோம். அத்தகைய பொறியில் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைத் தட்டச்சிடுவது, முகமறியாதவரிடம் பெட்டிச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். மேலும், தம் நூலை உரிமையின்றி நகலெடுத்து விற்றால் மனம் புண்படும் ஆசிரியர்களாகிய நாம், பிறர் உழைப்பை மட்டும் உரிமையின்றி எடுத்தாள்வது முறையாகாது. பொருள் இல்லாமையும் இதற்குக் காரணமாகாது. கட்டணமின்றி நேர்வழியில் கிடைக்கும் லினக்ஸ் இருக்கும்போது கள்ளப்படிக்குத் தேவையே இல்லை.

தேர்வுக்குரிய ஐந்து வினாக்கள்

மேற்கண்டவற்றால், வாங்குவோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் ஐந்தாகத் தொகுக்கத்தக்கன.

1. இல்லத்தில் யார் யார், எவ்வெப் பணிக்காகப் பயன்படுத்துவர்? பணியை முதலில் எழுதுக. தளத்தைப் பின்னர் எழுதுக. ஒரே ஒரு மென்பொருள் கட்டாயமெனின், அதுவே தளத்தை முடிவு செய்துவிடும்.

2. உரிமம் பொறியின் விலையில் அடங்கியுள்ளதா? அடங்கியுள்ளதெனின் விலைச்சீட்டில் அது குறிக்கப்பட வேண்டும்.

3. பாதுகாப்புத் திருத்தம் எவ்வாண்டுவரை வரும்? இன்று மலிவாகக் கிடைக்கும் பழைய பொறி, நாளை விண்டோஸ் 11ஐ ஏற்காததாக இருக்கலாம்.

4. இடர் நேரும்போது உதவுவோர் அருகில் உளரா? லினக்ஸ் அறிந்த ஒருவர் இல்லத்திலோ தெருவிலோ இருப்பின் அச்சம் வேண்டா. எவரும் இலரெனின் அதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

5. இத்தளத்தை விட்டு நீங்கும் நாளில் நம் கோப்புகள் நம்மோடு வருமா? இதற்கு விடை 'ஆம்' ஆக வேண்டுமெனின், தமிழை ஒருங்குறியிலேயே எழுத வேண்டும். மூன்று தளங்களிலும் திறக்கும் வடிவில் சேமிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டு பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட திறந்த ஆவண வடிவமும், அதனைக் கையாளும் கட்டற்ற லிப்ரே ஆபிஸ் மென்பொருளும் இதற்குத் துணையாகும்.

லினக்ஸை நிறுவாமலே சோதித்தறியவும் வழியுண்டு. அதன் பதிவை 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணிப்பொறியைத் தொடங்கலாம். பொறியிலுள்ள எதனையும் தொடாமல், திரை, ஒலி, இணையம், அச்சுப்பொறி, தமிழ்த் தட்டச்சு ஆகியவற்றை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். தெரிந்தபின் தெளிதல் என்பது இதுவே.

ஆசிரியர் இல்லத்தில் நிகழ்ந்தது

இவ்வினாக்களை ஆசிரியரோடு அமர்ந்து ஒவ்வொன்றாய் எழுதினோம். பெயர்த்திக்கு டாலி கட்டாயம்; ஆகவே புதிய பொறி, விலைச்சீட்டில் உரிமம் குறித்த விண்டோஸ் 11 உடையதாகவே வாங்கப்பட்டது. டாஸ் பொறியைவிடச் செலவு கூடியது உண்மையே. ஆனால், 2014ஆம் ஆண்டு வாங்கிய பழைய பொறியை எடைக்குப் போடவிருந்த எண்ணம் கைவிடப்பட்டது. அதில் லினக்ஸ் மின்ட் நிறுவி, தமிழ்99 விசைப்பலகை அமைத்துத் தந்தோம். ஆசிரியர் எழுதவும் படிக்கவும் அதுவே போதுமானதாயிற்று.

சொற்றொகுப்புக்கு மூன்று மாலைகள் தேவைப்பட்டன. எந்த எழுத்துருவில் தட்டச்சானது என்பதை ஆசிரியரின் பழைய அச்சுத்தாளொன்றின் எழுத்தழகைக் கொண்டு உய்த்துணர்ந்தோம். அதன்பின் குறிமாற்றி மென்பொருள் சில நொடிகளில் அனைத்தையும் ஒருங்குறியாக்கிற்று. ஆயின் பணி அங்கு முடியவில்லை. பழைய தட்டச்சில் ரகரத்துக்கு மாறாகத் துணைக்காலும், 'ஔ' என்பதற்கு மாறாக ஒகரமும் ளகரமும் வந்திருந்தன. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தேடும்போது சொல் அகப்படாது. அவற்றை ஆசிரியரும் பெயர்த்தியும் எம் மாணவர் இருவரும் வரிவரியாகப் படித்துத் திருத்தினர். திருத்திய தொகுப்பின் ஒரு படி பழைய பொறியிலும், ஒரு படி புதிய பொறியிலும், மற்றொன்று இல்லத்திற்கு வெளியே எம் துறையிலும் வைக்கப்பட்டன. மூன்றாம் மாலையில், நெசவுச் சொல் ஒன்றை ஆசிரியர் தேடுகட்டத்தில் தட்டச்சிட்டார். அது கிடைத்தது. "இதைச் சொன்ன கிழவர் பேர் கூடப் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன் பாருங்கள்" என்றார்.

முடிவுரை

எத்தளம் சிறந்தது என்னும் வினாவுக்குப் பொதுவிடை இல்லை. வணிகவியல் மாணவிக்கு ஒன்று, ஓய்வுபெற்ற ஆசிரியர்க்கு மற்றொன்று என ஓரில்லத்திலேயே இரண்டு பொருந்துவதைக் கண்டோம். எனினும் எந்தத் தளத்தைத் தெரிந்தாலும் மாறாத நெறி ஒன்றுண்டு. தளம் இன்று வரும், நாளை போகும். நம் எழுத்து அதனோடு போய்விடலாகாது.

எனவே புதிய கணிப்பொறி வாங்க எண்ணும் அன்பர்கள், கடைக்குச் செல்லுமுன் தம் பழைய கணிப்பொறியைத் திறந்து பார்ப்பாராக. பழைய எழுத்துருவில் உறங்கும் ஆய்வேடோ, தந்தையார் எழுதிய மடல்களோ, பாதியில் நின்ற நூலோ அதில் இருப்பின், முதலில் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக் கரையேற்றுவாராக. தளத்தைத் தேரும் பணி அதன்பின் எளிதாகும்.